ஒரு வெள்ளைத் தட்டும் ஏரித் தண்ணீரும்: வேலூர்ப் பக்கத்து நன்னீர்ச் சிற்றுயிர்களை அறிய ஒரு தொடக்கம்

எங்கள் வடாற்காட்டுப் பக்கம் ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்றால் ஊரே கரைக்கு வந்துவிடும். பிள்ளைகள் மீனுக்குத் துணி விரிப்பார்கள். பெரியவர்கள் மதகையும் கலங்கலையும் பார்த்துவிட்டு, கழனிக்கு இரண்டு போகம் தண்ணீர் வருமா என்று கணக்குப் போடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பறவை பார்ப்பவர்கள் பைனாகுலரோடு வருவார்கள். அந்த மீனுக்கும் பறவைக்கும் சோறு போடுகிற கூட்டம் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. நத்தை, மட்டி, அட்டை, நண்டு, தட்டானின் இளம்பருவம், நீர்வண்டு, புள்ளி அளவே இருக்கும் நீர்த்தெள்ளு. முதுகெலும்பில்லாத இந்த உயிர்களைப் பார்க்க மட்டும் யாரும் வருவதில்லை.

வரத் தயாராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலங்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் பகுதியில் பத்து நிமிஷம் நடந்தால் ஏதாவது ஓர் ஏரியோ குட்டையோ கானாறோ வந்துவிடும். அது போதும்.

பெயரைத் தேடிப் போவதற்கு முன்னால், எந்த உயிரைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பழகுங்கள். இது எப்படி மூச்சு விடுகிறது? தண்ணீர் வற்றினால் இது எங்கே போகும்? பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊர் நம்முடையது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களும் நாம்தான். இவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்கி ஓர் உயிர் இங்கே வாழ்கிறது என்றால், அதன் உடம்பு இந்த இரண்டு கேள்விக்கும் ஏதோ ஒரு விடை வைத்திருக்கும். அந்த விடையைக் கண்டுபிடித்துவிட்டால் அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

முதலில் சாமான்கள்

பெரிய செலவில்லை. இரண்டு மூன்று அங்குல ஆழமுள்ள வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்று. வேறு நிறம் வேண்டாம், பழுப்புப் பூச்சி வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். வலைக்குக் கம்பி வளையத்தில் கொசுவலைத் துணியைப் பை மாதிரித் தைத்து ஒரு மூங்கில் கழியில் கட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் மாவு சலிக்கும் சல்லடை போதும். டீ வடிகட்டி, பிளாஸ்டிக் ஸ்பூன், மெல்லிய தூரிகை, இறுக்கமான மூடியுள்ள நாலைந்து பாட்டில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைலென்ஸ், ஒரு நோட்டு, பென்சில்.

பேனா வேண்டாம். நான் தொடங்கிய காலத்தில், குடியாத்தம் பக்கத்து ஓர் ஏரியில் ஒரு மாதம் அலைந்து சேர்த்த பதினோரு பாட்டிலுக்கும் பேனாவால் சீட்டு எழுதி உள்ளே போட்டேன். ஸ்பிரிட் மையை அப்படியே கரைத்துவிட்டது. எது எந்தக் கரையில் எடுத்தது என்று சொல்ல முடியாமல் போனது. இடமும் தேதியும் தெரியாத உயிரின் உடலால் யாருக்கும் பயனில்லை, அதைக் கொன்றதுதான் மிச்சம். இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்போதிலிருந்து சீட்டு பென்சிலில்தான். புதிதாக வருகிறவர்கள் முதல் ஒரு வருஷம் எதையும் ஸ்பிரிட்டில் போடவே வேண்டாம் என்பேன். தட்டில் பாருங்கள், கைபேசியில் படம் எடுங்கள், எடுத்த இடத்திலேயே திருப்பி விடுங்கள்.

எங்கே போவது, எப்போது போவது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழி முதல் மாசி வரை ஏரி பார்க்க நல்ல காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், நீர்ச்செடிகள் வளர்ந்திருக்கும். காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் தட்டுத் தண்ணீர் சூடாகி உயிர்கள் தவிக்கும்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, கண்ணுக்கு எட்டாத பரப்பு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கத்தில் ஒரு சின்னத் தாங்கலை மாதாமாதம் போய்ப் பார்ப்பதில் கிடைக்கும் அறிவு, பெரிய ஏரியை ஒரு தடவை பார்ப்பதில் கிடைக்காது. ஓடும் தண்ணீர் பார்க்க வேண்டுமானால் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இருக்கின்றன. அமிர்தி போன்ற இடங்கள் காப்புக்காடு, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பிடித்து எடுத்துவரக் கூடாது. கல்லைப் புரட்டிப் பார்ப்பதற்கும் கேட்டுக்கொண்டே செய்யுங்கள். கோட்டை அகழி தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு சொல்லவேண்டும். தனியாகப் போகாதீர்கள், முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். மணல் அள்ளிய குழி பாலாற்றிலும், மண் எடுத்த பள்ளம் ஏரியிலும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. இன்னொன்று, தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் இடங்களில் வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம். வாளியில் மொண்டு, கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். கால்வாய், கழனித் தண்ணீரில் நின்ற பிறகு வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். அதன் காரணம் நத்தையைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

தண்ணீரில் கை வைக்கும் முறை

ஏரியில்: கரையோரத்துச் செடிக்குள் வலையை விட்டு, எட்டுப் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியுமாக ஒரு நிமிஷம் வீசுங்கள். மேலே தூக்கி, அடியில் தங்கியதைத் தட்டில் கவிழ்த்து, ஏற்கெனவே ஊற்றி வைத்த தெளிந்த ஏரித்தண்ணீரில் அலசிவிடுங்கள். ஆகாயத்தாமரை மண்டிய ஏரி என்றால் ஒரு செடியை வேரோடு தூக்கி வாளிக்குள் வைத்துக் குலுக்குங்கள். அந்தக் கருப்பு வேர்க் கற்றைக்குள் ஒரு தெருவே குடியிருக்கும். அப்புறம் வேலம்பாசி ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஜன்னலோரம் இரண்டு நாள் வையுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் வெளிச்சம் படும் பக்கத்தில் நூல் துண்டு மாதிரி, நுனியில் கைகள் விரிந்தபடி ஹைட்ரா தொங்கும். பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டு மதிப்பெண் வாங்கிய ஹைட்ராவை உயிரோடு பார்ப்பது தனி சந்தோஷம்.

ஓடையில்: வலையின் வாயை நீர் வரும் திசைக்குக் காட்டி அடியோடு அழுத்திப் பிடியுங்கள். வலைக்கு மேல்பக்கம் இருக்கும் கற்களையும் கூழாங்கல்லையும் காலால் ஒரு நிமிஷம் கிளறுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பவை பிடி விட்டு வலைக்குள் வரும். பெரிய கல்லைக் கையால் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். பார்த்த பிறகு எந்தப் பக்கம் அடியில் இருந்ததோ அதே பக்கம் அடியில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். அது ஒரு குடும்பத்தின் கூரை.

தட்டில் கொட்டியதும் கை வைக்காதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதலில் எல்லாம் இலையும் மண்ணுமாகத்தான் தெரியும். அப்புறம் இலை ஒன்று நடக்கும். குச்சி ஒன்று காலை நீட்டும். கண் பழகுவது இந்த இரண்டு நிமிஷத்தில்தான். பிறகு ஸ்பூனால் ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனிக் கிண்ணத்தில் விடுங்கள். தட்டானின் இளம்பருவத்தையும் நீர்த்தேளையும் மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். பத்து நிமிஷத்தில் கூட இருந்தவற்றைத் தின்று முடித்துவிடும்.

கூட்டம் பிரிப்பது

விலங்குலகைத் தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் உயிருக்கும் பேரினம், சிற்றினம் என இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் வழக்கத்தை 1758-இல் வெளியான பதிப்பில் விலங்குகள் எல்லாவற்றுக்கும் நிலைநிறுத்தியவர் சுவீடனின் லின்னேயஸ். நீங்கள் முதல் வருஷத்தில் குடும்பம் வரை வந்தால் போதும். பல பூச்சிகளில் சிற்றினத்தைச் சொல்ல உடலை அறுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். அது நமக்கு இப்போது தேவையில்லை.

தட்டில் இருப்பதைப் பார்த்து இப்படிப் போங்கள். ஓடு உண்டா? இருந்தால் அது மெல்லுடலி. ஓடு ஒன்றாகச் சுருண்டிருந்தால் நத்தை, இரண்டு ஓடு கதவு மாதிரி மூடினால் மட்டி. ஓடு இல்லை, கணுக்கணுவான கால் உண்டு என்றால் கணுக்காலி. காலை எண்ணுங்கள். ஆறு என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி வகை. குண்டூசித் தலை அளவில் செக்கச் செவேலென்று நீந்துவது நீர்உண்ணி. பத்து என்றால் நண்டு அல்லது இறால். கால் புள்ளிவிவரத்துக்கு அடங்காமல் குறுகுறுவென்று துள்ளும் பொடி உயிர்கள் நீர்த்தெள்ளு, சைக்ளோப்ஸ் போன்றவை. அவையும் இறாலின் சொந்தக்காரர்களே.

காலே இல்லை என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டு முனையிலும் உறிஞ்சி வைத்து வளைந்து வளைந்து நடந்தால் அட்டை. வளையம் வளையமாக, மெல்லிய சிவப்பு நூலாகச் சேற்றிலிருந்து வாலை ஆட்டினால் டியூபிஃபெக்ஸ். இரண்டும் வளைதசைப் புழுக்கள். தட்டையாக, கண்ணாடியில் எண்ணெய் வழுக்குவது போல ஊர்ந்தால் தட்டைப்புழுவான பிளனேரியா. கடினமான தலை ஒன்று தனியாகத் தெரிந்தால் அது புழுவே இல்லை, ஈ அல்லது கொசு இனத்தின் லார்வா. முழுகிக் கிடந்த குச்சியிலும் கிணற்றுப் படிக்கல்லிலும் பச்சையாகவோ மண் நிறத்திலோ சொரசொரவென்று ஒரு பொருக்கு இருந்தால் அதைப் பாசி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது நன்னீர்க் கடற்பஞ்சாக இருக்கலாம், துளையுடலித் தொகுதியைச் சேர்ந்த விலங்கு. கடலே பார்க்காத நம் கிணறுகளிலும் அது உண்டு.

பூச்சிகளைப் பிரிக்க வாலையும் வாயையும் பாருங்கள். மயிர் போன்ற மூன்று வால், வயிற்றின் இரு ஓரத்திலும் படபடக்கும் செவுள் என்றால் மே ஈயின் இளம்பருவம். வளர்ந்ததும் அதற்குத் தின்ன வாய் கிடையாது, சில மணி நேரமோ ஓரிரு நாளோ பறந்து முட்டையிட்டு முடிந்துவிடும். வால் இரண்டாகி, ஒவ்வொரு காலிலும் இரண்டு நகம் இருந்தால் கல் ஈ. அது குளிர்ந்து ஓடும் தண்ணீரின் ஆள், ஏரியில் தேடாதீர்கள். இலை போன்ற மூன்று தகடு வாலில் இருந்தால் ஊசித்தட்டான். தடித்த உடம்பு, வால் தகடு இல்லை, கீழுதடு மடங்கி முகமூடி மாதிரி முகத்தை மறைக்கிறது என்றால் தட்டான். மணலையோ இலைத் துண்டையோ பட்டு நூலால் ஒட்டிக் குழாய் கட்டி உள்ளே இருந்தால் கேடிஸ் ஈயின் லார்வா. குத்தும் ஊசி வாயும் குறுக்காக மடிந்த இறக்கையும் இருந்தால் மூட்டைப்பூச்சியின் வரிசை. கடிக்கும் தாடையும் முதுகின் நடுவே நேர்கோட்டில் சேரும் கெட்டி இறக்கையும் இருந்தால் வண்டு.

மூச்சு

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. அதே தண்ணீரில் சாக்கடையோ இலைக்குப்பையோ அழுகினால் மிச்சமுள்ளதையும் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் வாழ்வதில் பெரிய சிக்கல் இதுதான். ஒவ்வொரு கூட்டமும் இதை ஒரு மாதிரித் தீர்த்திருக்கிறது.

மே ஈ, கல் ஈ, கேடிஸ் ஈ, ஊசித்தட்டான், மட்டி ஆகியவை கரைந்திருக்கும் ஆக்சிஜனையே நம்பியிருப்பவை. தட்டானின் இளம்பருவத்துக்குச் செவுள் மலக்குடலுக்குள் இருக்கிறது. பின்வாயால் தண்ணீரை இழுத்து மூச்சு விடும், அவசரம் வந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி முன்னே பாயும். தட்டில் தூரிகையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

இன்னொரு கூட்டம் மேல்காற்றை வாங்கிக்கொள்ளும். நீர்த்தேளின் பின்னால் நீண்டிருப்பது கொடுக்கு இல்லை, மூச்சுக்குழல். இரண்டு அரைக்குழாய் சேர்ந்து ஒரு குழாயாகி நீர்மட்டத்தைத் தொட்டு நிற்கும். மூழ்கும் வண்டு இறக்கைக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு இறங்கும். அந்தக் குமிழியில் ஆக்சிஜன் குறையக் குறையச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து கொஞ்சம் உள்ளே கசிந்து வரும், அதனால் அடைத்துக்கொண்டு போன காற்றுக்கு மேலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். மல்லாந்து நீந்தும் பூச்சி வயிற்று மயிரில் காற்றைப் பிடித்து வெள்ளி மாதிரி மின்னும். கொசுப்புழு தலைகீழாகத் தொங்கிக் குழலை மேலே நீட்டும். மலேரியா பரப்பும் அனோஃபிலிஸின் புழுவுக்கு மட்டும் அந்தக் குழல் இல்லை, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தே கிடக்கும். வீட்டுத் தொட்டியில் எந்தக் கொசு என்று அறிய இது ஒன்றே நல்ல உதவி.

மூன்றாவது கூட்டம் ரத்தத்தை மாற்றிக்கொண்டது. சேற்றில் கிடக்கும் சிவப்பு நிறக் கைரனாமிட் லார்வாவின் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்திலும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது வளர்ந்து கொசு மாதிரி விளக்கைச் சுற்றி மொய்க்கும், ஆனால் கடிக்காது. நீர்த்தெள்ளுகூட ஆக்சிஜன் குறைந்தால் வெளிறிய நிறத்திலிருந்து சிவக்கும்.

தட்டில் எது நிறைய இருக்கிறது என்று மூச்சு வாரியாக எண்ணிப் பாருங்கள். செவுள் உள்ளவை பலவிதமாக இருந்தால் தண்ணீர் நன்றாகச் சுவாசிக்கிறது. மேல்காற்று வாங்குபவையும் சிவப்பு ரத்தக்காரர்களும் மட்டுமே இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. ஆனால் மேல்காற்று வாங்கும் வண்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு செய்யாதீர்கள். அது தண்ணீரைச் சாராமல் மூச்சு விடுவது.

நத்தையும் மட்டியும்

எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன். நத்தையைக் கையில் எடுத்ததும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். உடம்பை உள்ளே இழுத்தவுடன் வாசலைக் கதவு மாதிரி ஒரு தகடு அடைத்தால் அது செவுள் வழி வந்த பரம்பரை. மூடி இல்லாமல் சதை தெரிந்தால் நுரையீரல் வழி வந்தது. இந்த ஒரே அடையாளம் நம் ஏரி நத்தைகளை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

மூடியுள்ளவற்றில் பெரியது, உருண்டையாக ஆப்பிள் அளவுக்கு வளர்வது பைலா. சில வீடுகளில் கறியாகச் சமைக்கும் நத்தை. அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு. கோடையில் ஏரி வற்றும்போது சேற்றில் புதைந்து, மூடியை இறுகச் சாத்திக்கொண்டு அடுத்த மழை வரை மாதக்கணக்கில் தூங்கும். பெல்லாமியா அதைவிடச் சின்னது, ஓட்டில் மெல்லிய பட்டைகள் ஓடும், முட்டையிடாமல் குட்டியே போடும். நீளமாகக் கூம்பி முறுக்குப் போல இருப்பது மெலனாய்ட்ஸ். அதில் ஆண் இல்லாமலே பெண் பெருகும்.

மூடியில்லாதவற்றில், கூர்முனையை மேலே வைத்து வாசலை உங்கள் பக்கம் திருப்பினால் வாசல் வலப்பக்கம் வருவது லிம்னியா. இடப்பக்கம் வந்தால் ஃபைசா. வட்டமாக, தட்டையாகச் சுருண்டிருப்பது இண்டோபிளானார்பிஸ், அதன் ரத்தமும் சிவப்பு. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இவற்றைக் கட்டாயம் அறிய வேண்டும். ஈரல் புழு லிம்னியாவுக்குள் ஒரு பருவத்தைக் கழித்துவிட்டு மேய்ச்சல் புல்வழியாக மாட்டுக்குப் போகிறது. இண்டோபிளானார்பிஸில் வளரும் ஒருவகைத் தட்டைப்புழு மாட்டின் மூக்குக்குள் குடியேறி, குறட்டை மாதிரி மூச்சிழுக்க வைக்கும். அதன் இளம்பருவம் தண்ணீரில் நீந்திவந்து மனிதத் தோலில் நுழையப் பார்த்துச் சாகும். கழனியில் நின்றவர்களுக்குக் காலில் நமைச்சலும் தடிப்பும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னே சோப்புப் போடச் சொன்னது இதற்காகத்தான். அதற்காக நத்தையைக் கண்டவுடன் நசுக்க வேண்டாம். பாசியை மேய்ந்து தின்று ஏரியைச் சுத்தமாக வைப்பதும், நத்தைகுத்தி நாரைக்கு இரையாவதும் அதே நத்தைகள்தான்.

மட்டி சேற்றில் பாதி புதைந்து, தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டித் தின்னும். நம் ஏரிகளில் கிடைக்கும் லாமெல்லிடென்ஸ் உள்ளங்கை நீளம் வரும், ஓட்டின் உட்புறம் முத்து மாதிரிப் பளபளக்கும். அதன் குஞ்சுகள் மீனின் செவுளிலும் துடுப்பிலும் சில காலம் ஒட்டிக்கொண்டு பயணம் செய்து, பிறகு அடியில் விழுந்து வளரும். மீன் இல்லாத ஏரியில் மட்டிக்கு அடுத்த தலைமுறை கிடையாது. ஏரி தூர் வாரும்போது அடிமண் முழுவதையும் வழித்தெடுக்காமல் ஒரு மூலையையாவது தொடாமல் விடவேண்டும் என்று நான் ஊர்க் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு மட்டியும் பைலாவும்தான் காரணம்.

நண்டும் சைக்ளோப்ஸும் பற்றி ஒரு வார்த்தை

வரப்பில் வளை போடும் கழனி நண்டுக்குக் கடல் நண்டு போல நீந்தித் திரியும் லார்வாப் பருவம் இல்லை. முட்டை பொரிந்ததும் குட்டி நண்டாகவே வரும், தாய் வயிற்று மடிப்பில் அவற்றைச் சுமந்து திரிவாள். பங்குனி, சித்திரையில் நண்டைத் திருப்பிப் பார்த்தால் சிலசமயம் பார்க்கலாம். மூட்டைப்பூச்சியின் வரிசையில் வரும் பெலோஸ்டோமாடிடே குடும்பத்து டிப்ளோனிகஸ் பூச்சியில் சுமப்பது அப்பன். முதுகு நிறைய முட்டையை ஒட்டிக்கொண்டு, காற்றுப் படட்டும் என்று அடிக்கடி மேலே வரும். அப்படி ஒன்றைப் பிடித்தால் உடனே விட்டுவிடுங்கள்.

சைக்ளோப்ஸ் ஒரு சின்னக் கண்ணும் இரண்டு முட்டைப் பையுமாகத் துள்ளும் புள்ளி. நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் படிக்கிணற்றுத் தண்ணீரில் இதன் வழியாகத்தான் மனிதருக்குள் போனது. துணியால் வடிகட்டிக் குடிப்பது, படிக்கிணற்றை மூடுவது போன்ற எளிய வேலைகளால் அந்த நோய் நாட்டைவிட்டே போனது. 2000-இல் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒரு புள்ளி அளவு உயிரின் வாழ்க்கையை அறிந்ததால் கிடைத்த வெற்றி அது.

தண்ணீருக்கு மதிப்பெண்

1970களின் கடைசியில் பிரிட்டனில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாசைத் தாங்கும் திறனைப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண். தாங்க முடியாதவைக்கு அதிகம். தட்டையான மே ஈக்கும் கல் ஈக்கும் 10, பொதுத் தட்டான் குடும்பத்துக்கு 8, மட்டிக்கு 6, நீர்மேல் ஓடும் பூச்சிக்கு 5, லிம்னியாவுக்கும் அட்டைக்கும் 3, கைரனாமிட்டுக்கு 2, டியூபிஃபெக்ஸ் போன்ற சேற்று நூல்புழுவுக்கு 1. எத்தனை குடும்பம் கிடைத்ததோ அவற்றின் மதிப்பெண்ணைக் கூட்டி, குடும்ப எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எத்தனை உயிர் இருந்தது என்பது கணக்கில் வராது.

உதாரணத்துக்கு, ஒரு ஓடையில் தட்டை மே ஈ, தட்டான், மட்டி, நீர்மேல் ஓடும் பூச்சி, கைரனாமிட் கிடைத்தால் 10, 8, 6, 5, 2 சேர்ந்து 31. ஐந்தால் வகுத்தால் 6.2. இன்னோர் இடத்தில் அட்டை, லிம்னியா, கைரனாமிட், நூல்புழு மட்டும் என்றால் 9, நான்கால் வகுத்தால் 2.25. வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

இது குளிர்நாட்டு ஆறுகளுக்குச் செய்த கணக்கு என்பதை மறக்காதீர்கள். தேங்கிய ஏரியில் தட்டை மே ஈ இல்லாதது மாசால் அல்ல, அங்கே ஓட்டம் இல்லாததால். ஆகவே உங்கள் ஏரியை ஜவ்வாது மலை ஓடையோடு ஒப்பிடாதீர்கள். அதே ஏரியைப் போன மாதத்தோடும் போன வருஷத்தோடும் ஒப்பிடுங்கள்.

பாலாற்றுப் பக்கத்தில் இந்த வேலைக்கு ஒரு கூடுதல் பொருள் உண்டு. தோல் தொழில் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்ததைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு கூறியது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைச் சாலைக்குக் கொடுத்தால் அந்த நிமிஷத்து நிலை தெரியும். இரவில் கழிவைத் திறந்துவிட்டுக் காலையில் தண்ணீர் தெளிந்துவிட்டாலும், பல மாதம் அங்கேயே இருந்து வளரவேண்டிய மட்டியும் மே ஈயும் காணாமல் போனதை மறைக்க முடியாது. நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்த ஒரு வருஷத்துப் பட்டியலுக்கு அந்த வலு உண்டு.

நோட்டில் எழுதவேண்டியவை: தேதி, நேரம், ஊர், எந்தக் கரை, கடைசியாக மழை பெய்த நாள், தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா, நிறம், வாடை, அடியில் மணலா சேறா கல்லா, என்ன செடி, எத்தனை நிமிஷம் வலை வீசினீர்கள். பிறகு கிடைத்தவை. தெரியாததற்குத் தெரியாது என்றே எழுதி ஒரு படம் வரையுங்கள். படம் கோணலாக இருந்தாலும் கால் எத்தனை, வால் எத்தனை, செவுள் எங்கே என்று இருந்தால் பின்னால் யாராவது சொல்லிவிடுவார்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் படம் ஏற்றினால் விவரமானவர்கள் உதவுகிறார்கள்.

ஏரி வற்றிய பிறகு

இரண்டாவது கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் ஏரி அடி வெடித்துக் கிடக்கும்போது பலர் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். நான் அப்போதுதான் ஒரு டப்பாவோடு கிளம்புவேன். பள்ளமான, கடைசியாக வற்றிய இடத்தில், மேல்மண்ணை இரண்டு அங்குலம் ஒரு கை அளவு சுரண்டி எடுங்கள். பாறைச் சுனையின் அடியில் காய்ந்த மண்ணும், மழைக்குக் குட்டை கட்டும் மண்சாலைப் பள்ளத்து மண்ணும் இன்னும் நல்லது. மீன் வராத அந்தச் சின்னக் குட்டைகளில்தான் இறாலின் இன்னொரு சொந்தக்காரர்களான, ஓடு இல்லாத தேவதை இறால்கள் வாழும். தண்ணீர் வற்றினால் இவை போன்றவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணிலேயே அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

ஓர் அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் மண்ணை மெல்லியதாகப் பரப்பி, மேலே நாலு விரல் உயரத்துக்கு மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். மழைத்தண்ணீர் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து, குளோரின் போனபிறகு ஊற்றலாம். கலக்காதீர்கள். நிழலான, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் வைத்துவிட்டுத் தினமும் காலையும் மாலையும் கைலென்ஸால் பாருங்கள். சில மண்ணில் ஒன்றுமே வராது, அப்போது வேறு இடத்து மண்ணை ஊறவையுங்கள்.

வருகிற மண்ணாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளைப் புள்ளிகள் ஜெர்க் ஜெர்க்கென்று நகரத் தொடங்கும். விதை போல ஓடு மூடிய ஆஸ்ட்ரகாட் அடியில் உருளும். நீர்த்தெள்ளு துள்ளும். ஒரு வாரம் போனால், தேவதை இறால் இருந்தால், மல்லாந்தபடி பதினொரு ஜோடிக் காலை அலையலையாக அசைத்து நீந்தும். ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் பேரினத்தவற்றில் பலவற்றுக்கு வால் நுனி சிவந்திருக்கும். தண்ணீர் பச்சையாகவில்லை என்றால் ஈஸ்ட் ஒரு கடுகு அளவு கரைத்து விடுங்கள், அதற்குமேல் போட்டால் தண்ணீர் கெட்டு எல்லாம் செத்துவிடும். பெண்ணின் அடிவயிற்றுப் பையில் மணல் போல முட்டைகள் தெரிய ஆரம்பித்தால் தண்ணீரை அப்படியே வற்றவிடுங்கள். காய்ந்த மண்ணைக் கிண்ணத்திலிருந்து சுரண்டி, எடுத்த பள்ளத்திலேயே கொண்டுபோய்க் கொட்டுங்கள். டப்பாவில் கொஞ்சம் மிச்சம் வைத்து, பென்சிலால் இடமும் தேதியும் எழுதி மூடிவையுங்கள். அடுத்த கோடையில் அதையே மறுபடி ஊறவைக்கலாம்.